கூடையின் எடை நீங்கலாக

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம்.

இது என் முதல் கதை. படிக்க ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. நன்றியைத் தொடக்கத்தில் சொல்வதா, முடிவில் சொல்வதா என்று யோசித்ததிலேயே பல நாள்கள் போய்விட்டன. முடிவுவரை வருவீர்களா என்ற ஐயம் எழுந்ததால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதை எங்கே கிடைத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருந்தார். இருவருக்கான இடத்தை ஏறத்தாழ அவர் ஒருவரே நிரப்பியிருந்தார். மிச்சம் இருந்த சிறு இடத்தில் அவருடைய மனைவி ஒடுங்கியிருந்தார். அந்தப் பெரிய மனிதர் ஒரு வெள்ளரிக்காயைத் துக்க வீட்டில் காப்பி குடிப்பவரைப் போலத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்து இருக்கை அம்மாள் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் தட்டுவடைப் பொட்டலத்தை நீட்டினார். அவர் கைகூப்பி மறுத்தார்.

நம் பக்கத்தில் நீட்டிய தின்பண்டத்தை மறுப்பது சிறிய காரியம் அன்று என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. உடனே மனைவி கையை நீட்டி, "அவருக்கு வேண்டாமுங்க. குடுங்க, நான் தின்னுக்கறேன்" என்று வாங்கி, தமக்குத் துளியும் பசியில்லை என்பது முகத்தில் தெரிய முழுவதையும் தின்று முடித்தார். அவர்கள் காலடியில் இருந்த பையின் வாயில் ஒரு சிவப்புக் கையுறை எட்டிப் பார்த்தது.

ஐந்து ரோட்டில் நான் இறங்கிவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. எனவே இதற்கு மேல் வருவன அனைத்தும் என் கற்பனை. அந்தத் தம்பதியர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2

கையுறையைப் பார்த்தபடியால் அவரைக் குத்துச்சண்டை வீரராக்கினேன். பெயர் சந்தோஷ்குமார். கதையின் முதல் வரியை இவ்வாறு எழுதினேன்:

"மணி அடித்தது. சந்தோஷ்குமாரின் இடக்கை மின்னலெனப் பாய்ந்து எதிராளியின் தாடையை —"

இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. எதிராளி யார்? எந்த ஊர்? வீட்டில் எத்தனை பேர்? ஒன்றையும் விசாரிக்காமல், ஒரு பெயர்கூட வைக்காமல், ஒருவரை முதல் வரியிலேயே தாடையில் அடி வாங்கவைப்பது எனக்கு முறையாகப் படவில்லை. திருத்தி எழுதினேன்:

"மணி அடித்தது. சந்தோஷ்குமார் தமது இடக்கையை எதிராளியின் தாடைக்கு அருகில் கொண்டுசென்று —"

நான் பணிபுரியும் கல்லூரி நூலகத்தில் கோகிலவாணி அம்மையார் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சவரம் பண்ணப் போறாருங்களா?" என்று கேட்டார்.

[குத்துச்சண்டை பற்றி அறிந்துகொள்ளக் காணொளிகள் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததால் எனக்குத் தெரிந்தது பாதிதான். குறை இருப்பின் பொறுத்தருள்க.]

மூன்றாவதாக எழுதிய வரி இது. இதையே வைத்துக்கொண்டேன்:

சந்தோஷ்குமார் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தார். அது அவருக்குத் தெரியாது.

3

குரூசர்வெயிட் என்பது குத்துச்சண்டையில் கனரகத்துக்கு ஒரு படி கீழே உள்ள பிரிவு. போட்டிக்கு முந்தைய நாள் தராசில் ஏறும்போது தொண்ணூறு கிலோ எழுநூறு கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பட்டம் இல்லை. எதிராளியைத் தூக்கி வெளியே வீசினாலும் இல்லை. வாசகர் இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சந்தோஷ்குமார் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் பிறந்தவர். இளவயதில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலைக்குப் போய், சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் போர்வெல் குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஊருக்கு விடுமுறையில் வந்தபோது, சேலம் ஜங்ஷனில் அளவுக்கு மீறிய மூட்டையோடு ரயிலேறப் பார்த்த அவரைத் தடுத்து நிறுத்தியவர் பிரபாகர். ஜலகண்டாபுரத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்து, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சூரமங்கலம் குடியிருப்பில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர். மூட்டைக்கு அபராதம் போட வந்தவர் தோளைப் பார்த்துவிட்டு, அபராதத்தை மறந்துவிட்டு, மாலையில் வந்து பார்க்கச் சொன்னார்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் சுருக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சண்டையாக எழுதும் மனத்திடம் எனக்கில்லை. நம் நாட்டில் அந்த எடையில் சண்டைக்கு ஆள் கிடைப்பதே அரிது. ஆகவே அவர் பாங்காக்குக்கும் துபாய்க்கும் அழைக்கப்பட்டார். எதற்காக அழைக்கப்பட்டார் என்றால், தோற்பதற்காக. உள்ளூரில் வளர்ந்துவரும் ஒரு வீரருக்குக் கைதட்டு வாங்கித்தரக் கொஞ்சம் பெரிய உடம்பாக ஒருவர் தேவைப்படுவார். சுவரொட்டியில் உள்ளூர்க்காரரின் படம் பெரிதாக இருக்கும். மூலையில், பெயரில் ஓர் எழுத்து தவறிப்போய், சந்தோஷ்குமார் இருப்பார். அவரோ அழைத்தவர்களின் மனம் கோணும்படி அடிக்கடி வென்றுவிட்டார். அப்படி வென்று வென்று, முப்பத்தைந்து வயதில், ஓர் உலக அமைப்பின் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி வந்து சேர்ந்தது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று அவருக்குத் தெரியும். இந்தச் சண்டையோடு கையுறையைக் கழற்றிவிடுவதாக மனைவி சண்முகப்பிரியாவிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

சுவரொட்டியின் மூலையிலிருந்து நடுவுக்கு வரவேண்டும். அவர் விரும்பியது அவ்வளவுதான்.

ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. அவர் எவ்வளவு எடை தூக்குவார் என்றே எல்லோரும் கேட்டார்கள். தூக்குவதில்லை, குறைக்கிறேன் என்றார். எடையைக் குறைத்தால் பட்டமா என்று ஒரு பெரியப்பா வியந்து, அப்படியானால் தம் வீட்டு மருமகளுக்கும் வாங்கித்தரமுடியுமா என்று விசாரித்தார்.

4

சண்முகப்பிரியாவின் தந்தை சின்னண்ணன், சந்தோஷ்குமாருக்குத் தாய்மாமன், இப்போது மாமனாரும்கூட. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். வயது முதிர்ந்து முட்டை குறைந்த கோழிகளை வியாபாரிகளுக்கு எடைபோட்டு விற்பார். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. கோழிகளை அடைக்கும் கம்பிக்கூடையின் எடையை அவர் ஒருபோதும் கோழியின் கணக்கில் சேர்த்ததில்லை. காலையில் தராசைப் போடும்போதே கூடையை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள். கூடை இருக்கும்போதே தராசு பூஜ்யம் காட்டும். அதன் பிறகு கூடைக்குள் என்ன போட்டாலும் அதன் எடை மட்டுமே விழும்.

கூடை ஒன்றரைக் கிலோ. கூடையை எடுத்துவிட்டால் தராசு, கழித்தல் ஒன்றரை என்று காட்டிக்கொண்டு நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. வெறும் தராசை யார் பார்ப்பார்கள்?

பிரபாகரின் பயிற்சிக்கூடத்தில் இருந்தது பழைய ஸ்பிரிங் தராசு. நிற்பவரின் மனநிலைக்கு ஏற்ப எடை சொல்லும். சின்னண்ணனின் தராசோ மின்னணுத் தராசு. ஆண்டுதோறும் அரசு முத்திரை பெற்றது. ஆகவே போட்டி நெருங்கியதும், தினமும் பண்ணையில் எடை பார்த்துத் தொலைபேசியில் சொல்லிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. சின்னண்ணன் கூடையை மரியாதையாக எடுத்து ஓரம் வைப்பார். சந்தோஷ்குமார் ஏறுவார். "தொண்ணூறரை மாப்ள" என்று சின்னண்ணன் சொல்லுவார். அந்தப் பக்கம் பிரபாகர், "சரி, அப்படியே புடிச்சுக்க" என்பார்.

[வாசகர் கேட்கலாம்: உங்களுக்குத்தான் தெரியுமே, அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பலமுறை வாயெடுத்தேன். மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே, அதுவும் எடை போடும் நேரத்தில், அறிமுகமில்லாத வெளியாள் எப்படிப் புகுவது என்று தயங்கினேன்.]

இதற்கிடையில் விருந்து வேறு. பெரிய காரியத்துக்குக் கிளம்புகிறவரை உறவினர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்து இலை போடவேண்டும். போகாவிட்டால் அடுத்த தலைமுறைவரை பேச்சிருக்கும். போய் உண்ணாவிட்டால் அதைவிட மோசம். சண்முகப்பிரியா ஒரு வழி கண்டார். இருவரும் போவார்கள், இருவருக்கும் இலை விழும், சந்தோஷ்குமார் இலைமுன் அமர்ந்து உறவினரோடு நலம் பேசிக்கொண்டிருக்க, சண்முகப்பிரியா இரண்டு இலைகளையும் காலி செய்வார். அந்த மாதத்தில் அவருடைய ரவிக்கைகள் அனைத்தும் தையல்காரரிடம் போய் வந்தன. உலகப் பட்டத்துக்காக யார் என்ன தியாகம் செய்தார்கள் என்று பட்டியலிட்டால், முதலில் எழுதவேண்டிய பெயர் அவருடையது என்று சந்தோஷ்குமார் உள்ளூர நினைத்தார். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அடி விழும்.

5

அடுத்து ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். இவரைப் பற்றி எனக்கு நெடுநாள் ஐயம் இருந்தது.

பட்டத்தையும் அதற்குரிய பெல்ட்டையும் வைத்திருக்கும் வீரர்; போட்டிக்காகச் சேலத்துக்கே வந்திருப்பவர். முதலில் இவரைக் கெட்டவராக எழுதினேன். தலையை மொட்டையடித்து, புருவத்தில் வெட்டுக்காயம் வைத்து, "உன்னை நசுக்கிவிடுவேன்" என்று ஒரு வசனமும் கொடுத்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே பாவமாக இருந்தது. நெடுந்தொலைவிலிருந்து நம்மை நம்பி வந்திருக்கும் விருந்தாளி. வசனத்தை நீக்கினேன். காயம் மட்டும் இருக்கட்டும், தொழிலில் வருவதுதான்.

பெயர் லெவான். ஜார்ஜியா நாட்டுக்காரர். அவருடைய பயிற்சியாளருக்கு விசா தாமதமாகிவிட்டது. உடன் வந்த மேலாளர் எந்நேரமும் தொலைபேசியில் இருந்தார். எனவே லெவானைக் கவனித்துக்கொள்ள ஆளில்லை.

சேலம் ஜங்ஷன் அருகே ஒரு விடுதியில் பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. இரு வீரர்களும் மூக்கோடு மூக்கு வைத்து முறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அத்தொழிலின் மரபாம். அவர்கள் முறைத்துக்கொண்டிருக்கையில், முன்வரிசையில் இருந்த சந்தோஷ்குமாரின் தாய் வசந்தாமணி, லெவானின் ஒட்டிய கன்னங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங், அந்தப் பையனுக்கு யாரும் சோறு போடறதில்லீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் விளையாட்டுச் செய்தியாளர். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து லெவானின் அறைக்கு டிபன் கேரியர் போகத் தொடங்கியது. நெய் விட்ட அரிசிம்பருப்புச் சோறு, பள்ளிபாளையம் சிக்கன், இன்னும் பல. கொண்டுபோனவர் சின்னண்ணன். சந்தோஷ்குமாரிடம் சொல்லவில்லை, பட்டினி கிடப்பவனிடம் சோற்றைப் பற்றிப் பேசுவது பாவம் என்று அக்காவும் தம்பியும் கருதினார்கள். லெவான் முதல்நாள் மறுத்துப் பார்த்தார். சின்னண்ணன் சிரித்த முகத்தோடு, தட்டு காலியாகும்வரை எதிரில் நின்றார். லெவானின் ஊரிலும் உண்ணாமல் ஒரு வீட்டைவிட்டு வெளியேற முடியாதாம். அவருக்குத் தம் தாயின் நினைவு வந்திருக்க வேண்டும்.

6

போட்டியை நடத்தியவர் சண்முகவேல் என்ற நூல் வியாபாரி. மழைக்காலம் என்பதால் திறந்த மைதானம் வேண்டாம் என்று, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பெரிய திருமண மண்டபத்தை எடுத்திருந்தார். மண்டப மேலாளருக்கு யாரும் விவரம் சொல்லவில்லை போலும். வாசலில் வழக்கம்போல வாழைமரம் கட்டி, பூ அலங்காரத்துக்கு நடுவே, தெர்மாகோல் எழுத்துகளில் இரண்டு பெயர்களை ஒட்டியிருந்தார்:

லெவான் — சந்தோஷ்குமார்.

எடை பார்க்கும் நாளன்று காரிலிருந்து இறங்கிய சந்தோஷ்குமார் அந்தப் பலகையைப் பார்த்தார். எழுத்து எதுவும் தவறவில்லை. மூலையிலும் இல்லை; நடுவில், பெரிதாக, விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. சண்முகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவருக்கு மட்டும் ஏனோ கண் கலங்கியது. பசி மயக்கமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

மண்டபம் என்றதும் உறவினர் முந்தைய நாளே வந்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் குத்துச்சண்டை மேடையைப் பொருத்திக்கொண்டிருக்க, அதைச் சுற்றி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்ப்பவர்களைப் போல லெவானைப் பார்த்தார்கள். நல்ல நிறம், ஆனால் காது கொஞ்சம் சப்பை என்று பேசிக்கொண்டார்கள்.

உலக அமைப்பின் சார்பில் ஒரு நரைத்த கண்காணிப்பாளர் வந்திருந்தார். சிரிக்காதவர். தராசைத் தாமே கொண்டுவந்திருந்தார்.

முதலில் லெவான் ஏறினார். தொண்ணூற்றொரு கிலோ முந்நூறு.

மேலாளர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தொலைபேசியைக் கீழே வைத்தார். கண்காணிப்பாளர் விதியைப் படித்தார். இரண்டு மணி நேரம் அவகாசம். அதற்குள் எடை இறங்காவிட்டால் பட்டம் தராசிலேயே பறிபோகும். அதன் பின், சந்தோஷ்குமார் சரியான எடையில் இருந்து நாளை வென்றால் பட்டம் அவருக்கு. லெவான் கூட்டத்தில் வசந்தாமணியைத் தேடிப் பார்த்து, வயிற்றில் கைவைத்து, தலையைத் தாழ்த்தினார். வசந்தாமணி மகிழ்ந்து கையசைத்தார். சந்தோஷ்குமார் இரண்டையும் பார்த்தார். டிபன் கேரியர் விவகாரம் அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

பிரபாகர் அவருடைய தோளை அழுத்தினார். "ஏறுடா. பாதி பெல்ட் வந்துருச்சு."

சந்தோஷ்குமார் ஏறினார்.

தொண்ணூற்றிரண்டு.

7

இந்த இடத்தில் ஒரு நீண்ட மௌனத்தை எழுத விரும்பினேன். "மண்டபமே —" என்று தொடங்கி மூன்று உவமைகள் போட்டுப் பார்த்தேன். எதுவும் சரியாக அமையவில்லை. ஒன்றும் இல்லாமல் விட்டுவிடுகிறேன்.

மௌனத்தைக் கலைத்தவர் சண்முகப்பிரியா. தந்தையின் பக்கம் திரும்பினார்.

"அப்பா, கூடைய எடுத்துட்டுத்தான தராசப் போட்டீங்க?"

"கூடைய வெச்சுத்தான் கண்ணு போடுவோம். போட்டுட்டு எடுத்துருவோம்."

"அது கோழிக்குங்கப்பா."

"எல்லாத்துக்கும் ஒரே தராசுதான கண்ணு" என்றார் சின்னண்ணன். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வியாபாரியும் குறை சொல்லாத அந்த மனிதர், பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

சந்தோஷ்குமாருக்கும் அதே இரண்டு மணி நேரம். பிரபாகர் சுற்றிலும் பார்த்தார். ஓடவைத்து வியர்வையில் எடையை இறக்கலாம், வெளியே மழை. வியர்க்கவைக்க நீராவி அறையும் கிடையாது. அப்போது சமையற்கட்டிலிருந்து ஆவி வந்தது.

8

மண்டபச் சமையலுக்குப் பொறுப்பாளர் சௌந்திரம் அம்மாள். இரவு விருந்துக்கு இட்லிக் கொப்பரைகளை ஏற்றியிருந்தார். பிரபாகர் அவரிடம், கொப்பரைகளை வெறுமனே கொதிக்கவிட்டு ஆவி மட்டும் தரமுடியுமா என்று பணிவாகக் கேட்டார். வெறும் கொப்பரையை எரித்துத் தமக்குப் பழக்கமில்லை என்று சௌந்திரம் மறுத்தார்.

"அடுப்பு எரிஞ்சா எதாச்சும் வேகோணும். இட்லியும் வேகட்டும், நீங்களும் வேகுங்க" என்றார்.

உறவினர் ஒருவரின் லாரியிலிருந்து தார்ப்பாய் வந்தது. கொப்பரைகளுக்கு நடுவே பலகை போட்டு, சந்தோஷ்குமாரை உட்காரவைத்து, தார்ப்பாயால் மூடினார்கள். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் வெந்த இட்லியின் மணம் ஆவியோடு உள்ளே வந்தது. அவர் நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கதையில் இதுவரை அவரை யாரும் அடிக்கவில்லை. இருந்தாலும் அவர் வாங்கிய அடிகளில் இதுதான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

தார்ப்பாய்க்கு வெளியே சின்னண்ணனின் குரல் கேட்டது.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"கூடையக் கோழியோட சேத்து இன்னிக்கு வரைக்கும் நான் எடை போட்டதில்ல மாப்ள. அதே நெனப்புல —"

"தெரியுமுங்க மாமா."

"எம்மேல கோவமா?"

"இல்லீங்க. இப்ப அந்தக் கூடைய எடுத்துட்டு வந்துராதீங்க, அது போதும்."

வெளியே யாரோ சிரித்தார்கள். சண்முகப்பிரியாவாக இருக்கும். அழுதுகொண்டே சிரிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு.

அப்போது சமையற்கட்டு வாசல் வழியே தெரிந்த கூடத்தில், லெவான் இரண்டு சட்டைகளைப் போட்டுக்கொண்டு, குத்துச்சண்டை மேடையைச் சுற்றித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். மழைக்காற்று வீசும் கூடத்தில் அவருக்கு வியர்க்கவில்லை. தார்ப்பாயின் இடைவெளியில் சந்தோஷ்குமார் அவரைப் பார்த்தார். பிரபாகரும் பார்த்தார். குனிந்து, காதோடு சொன்னார்.

"அவன் ஓடட்டும். நீ மட்டும் எறங்கிட்டா நாளைக்குப் பாதி வேல கொறஞ்சுது."

அது உண்மை. சந்தோஷ்குமாருக்கும் தெரியும். முப்பத்தைந்து வயது; கடைசி வாய்ப்பு; பலகையின் நடுவில் பெயர். லெவான் பட்டத்தை இழந்தவராக நாளை மேடை ஏறினால் அவருடைய கால்களில் பாதி வலுவே இருக்கும். இதை நினைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் வியர்த்தார்.

"அம்மா போட்ட சோத்துலதானுங்க மாஸ்டர் அவரு ஏறுனது" என்றார் பிறகு. "அப்படி ஜெயிச்சா, சோறு போட்டுக் கவுத்தோம்னு ஆயிருமுங்க."

பிரபாகர் அவரையே பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஊர்களில், தோற்க அழைத்து வந்தவர்கள் தந்த ஆறிய சோற்றை இருவரும் தின்றிருக்கிறார்கள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். [அவர் மனத்துள் நுழைய நான் அனுமதி பெறவில்லை. எனவே 'லாம்'.]

"நகந்து ஒக்காரு" என்றார் கடைசியில். "அவனுக்கு எடம் வுடு."

வசந்தாமணியே போய் லெவானின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். "வாங் சாமி, இங்க வந்து வேகுங்க" என்று அவர் சொன்னது லெவானுக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் வந்தார். ஒரே பலகையில், ஒரே தார்ப்பாய்க்குள், உலகப் பட்டத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டிய இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். சௌந்திரம் மூடியைத் திறந்தார். இட்லி மணம் வந்தது. லெவான் கண்களை இறுக மூடி, தம் மொழியில் ஏதோ முனகினார்.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்குது" என்றார் சந்தோஷ்குமார்.

9

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது: சந்தோஷ்குமார் எடையில் தேறுகிறார், மறுநாள் கடைசிச் சுற்றில் லெவானை வீழ்த்துகிறார். இதற்கு நான் பன்னிரண்டு சுற்றுகள் எழுதவேண்டும். ஒரே தார்ப்பாயில் வியர்த்த ஒருவரை இன்னொருவர் முகத்தில் — மன்னிக்கவும். முதல் சுற்றிலேயே என் பேனா நின்றுவிட்டது.

இரண்டாவது: ஐம்பது கிராமில் தவறிவிடுகிறார். சின்னண்ணன் அதன்பின் தராசையே தொடுவதில்லை. இதை எழுதிய அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை. கோகிலவாணி அம்மையாரோ என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது: இருவரும் தேறாமல், பட்டத்தை மறந்து, ஒரே இலை வரிசையில் அமர்ந்து இட்லி உண்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அவர், "அந்த மனுசன் இத்தன வருசம் அடி வாங்குனது இட்லி திங்கறதுக்குங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிழித்துவிட்டேன்.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை மட்டும் சொல்கிறேன். அவகாசம் முடிந்தது. லெவான் முதலில் ஏறினார். தொண்ணூறு கிலோ அறுநூறு. பட்டம் அவரிடமே நின்றது. அவர் இறங்கி, ஒதுங்கி, இடம் விட்டார்.

சந்தோஷ்குமார் துண்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதைப் பிழிந்தார்; நீர் சொட்டியது. உறவினர் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சௌந்திரம் கரண்டியோடு வாசலில் நின்றார். சின்னண்ணன் மட்டும் முன்னால் வந்து, கண்காணிப்பாளரைக் கையமர்த்தி, தம் வாழ்நாளில் முதன்முறையாக வெறும் தராசைக் குனிந்து பார்த்தார்.

பூஜ்யம்.

"ஏறுங் மாப்ள" என்றார். மருமகனை அவர் மரியாதையாக அழைத்தது அன்றுதான்.

சந்தோஷ்குமார் ஏறினார். கண்களை மூடிக்கொண்டார். எண்கள் தொண்ணூற்றுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவே ஏறி இறங்கித் தடுமாறுகின்றன.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறர் எடையைப் பார்ப்பது நாகரிகம் அன்று என்று வளர்க்கப்பட்டவன் நான். நீங்கள் அருகில் இருக்கிறீர்கள். எண் இப்போது நின்றிருக்கும். அவர் கண் திறக்கமாட்டார். யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். தயவுசெய்து அவருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர்மேல் உங்களுக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும், கூடையின் எடையைக் கழித்துவிடாதீர்கள்.